கூலியோடு தீர்ந்ததா?

ஒருவரிடம் வேலை வாங்கினோம்; பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தோம்; அவரும் வாங்கிக்கொண்டார். அவருக்கும் நமக்கும் உள்ள கணக்கு அத்துடன் தீர்ந்ததா, இல்லையா? வர்த்தகராகிய நமக்கு இதைவிடச் சுலபமான கேள்வி வேறில்லை என்று தோன்றும். தீர்ந்தது என்றுதான் பேரேடு சொல்லும். கூலியாளின் வியர்வையைப் பற்றிய நபிமொழியை மதரஸாவில் ஓதாதவர் நம்மில் யார்? அதன்படி நடந்தாயிற்று, இனி என்ன பாக்கி என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்தக் கூலியாளின் தொழிலே இல்லாமற்போகும் ஒரு காலம் வந்து, அதனால் உண்டாகும் இலாபம் நம் கல்லாவில் விழும்போதும் அதே விடை செல்லுமா என்பதை இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறோம். லோரி டிரைவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

நம் கடைகளுக்கு வரும் சரக்கில் லோரி ஏறாமல் வருவது எது? கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் பம்பாய் வெங்காயமும் பருப்பும் மிளகாயும், பட்டர்வொர்த்திலிருந்து வரும் மூட்டைகளும், கேமரன் மலையிலிருந்து விடியுமுன் இறங்கும் காய்கறியும், எல்லாம் லோரியில்தான் ஈப்போ வந்து சேர்கின்றன. ஓட்டி வருபவர்களில் மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, நம்மவர் உண்டு. சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த ஹிந்துத் தமிழ்ச் சகோதரர்களும் ஏராளம். அவர்களுடைய தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டினார்கள். பிள்ளைகள் கனரக லைசென்ஸ் எடுத்துச் சக்கரத்தைப் பிடித்தார்கள்.

இவர்களில் பலருக்கு நடைக்கணக்கில்தான் கூலி. ஒரு நடை போய் வந்தால் இவ்வளவு என்று பேச்சு. துறைமுக வாசலில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்றாலும் அதே காசு. நம் கடைக்குப் பின்னால் இறக்குவதற்கு ஆள் வரவில்லையென்று இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தாலும் அதே காசு. மழை பிடித்துக்கொண்டால் வண்டியை ஓரங்கட்டித் தார்ப்பாயை இழுத்துக் கட்டுபவர் அவர்தான். நனைந்த வெங்காய மூட்டை இரண்டு நாளில் என்ன வாசனை வீசும் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூட்டைக் கணக்கு உதைத்தால் முதலில் சந்தேகிக்கப்படுபவரும் அவர்தான். இவையெல்லாம் நடைக்கூலிக்குள் எழுதப்படாத வேலைகள். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

நிற்க. சாரதியில்லா வண்டி என்பது இப்போது கதையன்று. கோலாலம்பூரில் கிளானா ஜெயா தடத்து ரயில் 1998 ஆம் ஆண்டிலிருந்தே டிரைவர் இல்லாமல் ஓடுகிறது. நம்மில் பலர் அதன் முன்கண்ணாடி ஓரம் நின்று பிள்ளைகளோடு வேடிக்கை பார்த்திருக்கிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புச் சுரங்கங்களில் மலைபோன்ற லோரிகள் ஆளில்லாமல் மண் சுமக்கின்றன. சிங்கப்பூரில் 2022 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில், கொள்கலன்களைக் கப்பலோரத்திலிருந்து அடுக்குமிடத்துக்குச் சுமந்து செல்லும் வண்டிகளில் சாரதி இல்லை. இவையெல்லாம் வேலிக்குள்ளும் தண்டவாளத்தின் மேலும் ஓடுபவை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து டல்லஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கிடையே, எல்லாரும் போகும் பொது நெடுஞ்சாலையில், 2025 ஏப்ரல் இறுதியில் அரோரா என்னும் ஸ்தாபனம் ஆளில்லா லோரியில் சரக்கு அனுப்பத் தொடங்கிற்று. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பி வரும் அளவுக்குச் சற்றுக் குறைவான தூரம் அது. சில வாரங்களுக்குள், லோரியைச் செய்து கொடுத்த கம்பெனியார் கேட்டுக்கொண்டதன் பேரில், முன் ஆசனத்தில் மறுபடியும் ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். ஓட்டுவதற்கல்ல, பார்த்துக்கொண்டிருப்பதற்கு. ஆகவே நாளைக்கே எல்லாம் மாறிவிடும் என்பாரையும் நம்ப வேண்டுவதில்லை; வரவே வராது என்பாரையும் நம்ப வேண்டுவதில்லை. நம் நாட்டு நெடுஞ்சாலையில் அவ்வித லோரி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அவகாசம் இருக்கிறது. நாம் பேசுவது அந்த அவகாசத்தைப் பற்றித்தான்.

அந்த லோரியில் ஏற்றினால் வாடகை ஏன் குறையும் என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். டிரைவரின் கூலி மிச்சம். இன்னொன்று, அவருடைய தூக்கமும் மிச்சம். அமெரிக்கச் சட்டப்படி ஒரு லோரி டிரைவர் 11 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாற்போல் ஓட்டக்கூடாது. 10 மணி நேரம் ஓய்வு கொள்ள வேண்டும். யந்திரத்துக்கு அந்த ஓய்வு வேண்டாம். மனிதனுக்குக் கண் அசரும், முதுகு வலிக்கும், வீட்டு ஞாபகம் வரும்; இவை இல்லாததால் வரும் இலாபமே அந்த மலிவு. அந்த யந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டதும் யாரிடம்? மனிதர்கள் ஓட்டியதைக் கோடிக்கணக்கான முறை பார்த்துப் பார்த்தே அதற்கு ரோட்டு ஞானம் வந்தது. உஸ்தாதிடம் ஓதி முடித்துவிட்டு அவரையே மதரஸாவிலிருந்து வெளியேற்றும் மாணவனைப் போன்றது இது.

யந்திரம் வந்து தொழில் போவது பேராக்குக்குப் புதிதன்று. மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான் ஓடிற்று, 1885 ஜூன் 1 ஆம் தேதி. எட்டு மைல் தூரம். இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட ஆட்கள் தண்டவாளம் போட்டார்கள். அதற்குமுன் லாருட் ஈயம் யானை முதுகிலும் மாட்டு வண்டியிலும் கரைக்குப் போயிற்று. ரயில் வந்த பிறகு அந்த வண்டிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. தண்டவாளத்தின் நீளமும் திறப்பு விழாவின் தேதியும் மட்டும் நமக்கு மனப்பாடம். இன்று கோலா செபெத்தாங் என்று பெயர் மாறிவிட்ட அந்த ஊரில் பழைய ஸ்டேஷனின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. தமிழ் எழுத்தும் அதில் உண்டு. ரயிலின் ஞாபகத்துக்குப் பலகை இருக்கிறது. வண்டிக்காரரின் ஞாபகத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு ஈயமும் போயிற்று. தஞ்சோங் துவாலாங்கின் ஈயக் கப்பல் 1982ல் நின்றது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஆனால் நாம் அதிகமாக நினைத்துப் பார்க்க வேண்டியது தோட்டங்களை. அங்கே இரண்டு விதமாக வேலை போயிற்று. ஒன்று காகிதத்தால். குடியுரிமை இல்லாதவருக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்ற 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தை 1969க்குப் பின் கண்டிப்பாக அமல் செய்தபோது, 60,000 பேர் அளவில் நம் தமிழ் ஜனங்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். முப்பது நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர்கள் தகரப் பெட்டியுடன் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். மற்றொன்று மரத்தால். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ரப்பருக்கு வேண்டிய அளவு ஆட்கள் வேண்டாம். அதன்பின் தோட்டமே கைமாறி வீடமைப்புத் திட்டமாயிற்று. கங்காணி, கிராணி, துரை என்ற வரிசையில் யாரைக் கேட்டாலும், கடைசி நாள் வரை கூலி பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டோம் என்றே சொல்லியிருப்பார்கள். அது பொய்யன்று. கூலி பாக்கியில்லை. ஆனால் வேலை போனபோது லயத்து வீடும் போயிற்று, ஆயக்கொட்டகையும் போயிற்று, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எங்கே நிற்கும் என்ற கேள்வி வந்தது. ஒரு மனிதருடைய வாழ்வு முழுவதையும் ஒரு தொழிலின் மேல் கட்டிவிட்டு, அந்தத் தொழிலை எடுக்கும்போது கூலியை மட்டும் கணக்குப் பார்த்தார்கள். தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருந்த நம் பெரியவர்களுக்கு அதன் பலன் தெரியும். கடன் நோட்டில் எழுதியிருந்த பெயர்களுக்கு உரியவர்கள் ஒரு நாள் ஊரிலேயே இல்லை.

இனி, இந்தப் பேச்சுக்கு எதிராகச் சொல்லக்கூடிய இரண்டு வாதங்கள் உண்டு. இரண்டும் இலேசானவையல்ல.

முதலாவது, உயிர். 2025 மே 13 ஆம் தேதி, தெலுக் இந்தானில் சித்திரைத் திருவிழாவுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸார் வந்த வண்டியும் கல் ஏற்றிய லோரியும் மோதி, 9 பேர் மாண்டார்கள். ஒரு மாதம் கூடக் கழியவில்லை. ஜூன் 9 ஆம் தேதி கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து சுல்தான் இத்ரிஸ் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் இறந்தனர். யந்திரம் தூங்காது, கைத்தொலைபேசி பார்க்காது, கோபப்படாது. அது ஓட்டினால் உயிர்கள் தப்பும் என்றால், டிரைவரின் சோற்றுக்காக அதைத் தடுக்கலாமா? கூடாது என்றே நாம் சொல்வோம். ஓர் உயிரைக் காப்பது எவ்வளவு பெரிய விஷயமென்று நம் வேதம் சொல்லியிருக்கும்போது வேறு சொல்ல வழியில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெலுக் இந்தான் விபத்தைப் பற்றிச் செய்த விசாரணையில் வெளிவந்தவை, லோரியின் திசைதிருப்பும் உறுப்பு பழுதாயிருந்ததும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்ததும். பழுதான வண்டியை யந்திரம் ஓட்டினாலும் பழுதுதான். பாரத்தை ஏற்றுவது யார்? ஒரு நடையில் இரண்டு நடைச் சரக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுவது யார்? ரோட்டில் போகும் உயிர்களுக்கு டிரைவரின் தூக்கம் மட்டும் காரணமன்று. சரக்குக்காரரின் அவசரமும் வண்டிக்காரரின் சிக்கனமும் காரணம். உயிரைக் காக்கும் யந்திரம் வரட்டும். ஆனால் உயிர் பேரைச் சொல்லிக்கொண்டு கூலியை மிச்சம் பிடிப்பது வேறு காரியம்.

இரண்டாவது வாதம் நம் நெஞ்சுக்கு அருகில் இருப்பது. பேரங்காடிகள் வந்து நம் மளிகைக் கடைகளின் வாடிக்கையை அள்ளிக்கொண்டு போனபோது நமக்கு யார் நஷ்டஈடு கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு உணவுக் கடைக்கும் நாணயமாற்றுக்கும் மாறிக்கொண்டோம். சிலர் மாற முடியாமல் ஒடிந்தே போனார்கள். அப்படியிருக்க டிரைவருக்கு மட்டும் நாம் ஏன் கடன்பட வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர் மேல் நமக்குக் கோபம் இல்லை. நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒன்றன்று. கடைக்காரனுக்குச் சரக்கு இருந்தது, தட்டுமுட்டு இருந்தது, கடையின் உரிமை இருந்தது. விற்றால் ஏதாவது தேறும். டிரைவரின் முதல் என்ன? கண்ணும் முதுகும் லைசென்ஸும். அவற்றை எந்த ஏலத்தில் விற்பது? மேலும், பேரங்காடிக்காரர் நம்மிடம் வேலை வாங்கியவர் அல்லர். எதிரே கடை போட்டவர். டிரைவரோ நம் வேலையைச் செய்தவர். அந்நியர் நமக்குச் செய்யாததைக் காட்டி, நமக்கு உழைத்தவருக்குச் செய்யாமலிருக்க நியாயம் தேடுவது முறையாகத் தோன்றவில்லை.

இப்போது நாம் ஓதியதன் பக்கம் வருவோம். மூஸா நபி (அலை) அவர்கள் மிஸ்ரை விட்டு மத்யன் நகரம் சென்றபோது, அங்கே ஒரு பெரியவரிடம் கூலிக்கு ஆடு மேய்த்த வரலாறு நாம் அறிந்ததே. ஷுஐப் நபி (அலை) அவர்களே அந்தப் பெரியவர் என்று நம் முன்னோர் பலர் சொல்வார்கள். ஒப்பந்தம் எட்டு வருஷத்துக்கு. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் நல்லெண்ணம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. வேலை எவ்வளவு காலத்துக்கு என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது என்பது ஒன்று. கூடுதலான இரண்டு வருஷத்தைக் கொடுக்கக்கூடியவர் முதலாளி அல்லர், கூலியாள் என்பது மற்றொன்று. அவர்கள் பத்தையும் நிறைவேற்றினார்கள் என்றே விரிவுரையாளர் எழுதுகிறார்கள். அப்படியானால், கூலி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று சொல்பவர், கூலியாள் பேச்சுக்கு மேல் கொடுத்ததையும் எண்ணிப் பார்த்தாரா? துறைமுக வாசலில் காத்த நான்கு மணி நேரமும், மழையில் கட்டிய தார்ப்பாயும் எந்தப் பத்தியில் வரவு வைக்கப்பட்டிருக்கின்றன? எங்கும் இல்லை. பேரேட்டில் பாக்கியில்லை என்று தெரிவது, பாக்கியை எழுதாததால்.

காலம் தெரிந்திருந்தது என்ற முதல் விஷயமே இதைவிட முக்கியம். சரக்கில் உள்ள ஐபை மறைத்து விற்கக்கூடாது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி என்ற பேதமில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நம் பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த நியதி அரிசிக்கு மட்டும்தானா? வேலையும் ஒரு பேரந்தான். ஐந்து வருஷத்திலோ எட்டு வருஷத்திலோ தன் வண்டிகளை மாற்றிவிடப்போவதாகத் திட்டம் போட்டிருக்கும் ஒரு முதலாளி, இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருவனைச் சேர்த்துக்கொள்கிறார். வேலை நிலையானது என்று நம்பி அவன் கல்யாணம் செய்கிறான். முப்பது வருஷத் தவணையில் வீடு வாங்குகிறான். முதலாளிக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். இதை மோசடி என்று சட்டம் சொல்லாது. ஆனால் கடையில் நனைந்த பருப்பை அடிமூட்டையில் வைத்து விற்க நடுங்கும் நம் கை, இங்கே மட்டும் ஏன் நடுங்குவதில்லை?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு வரலாறு இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்களின் நூலில் வருகிறது. முஸ்லிமல்லாத ஒரு முதியவர் வாசல்தோறும் யாசிப்பதைக் கண்டு, கைபிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கொடுத்ததோடு, அவருக்கும் அவர் போன்றவருக்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். காரணம் என்ன சொன்னார்கள் என்பதே பார்க்க வேண்டியது. இளமையில் அவரிடம் வாங்கிக்கொண்டோம், முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் கருத்து. இரக்கம் என்று சொல்லவில்லை, நீதி என்றார்கள். வாங்கியவர் கொடுக்க வேண்டும், அது தானமன்று.

இங்கேதான் நம் சமூகத்துக்கு ஒரு சோதனை. நாம் ஈகைக்குப் பின்வாங்குகிறவர்கள் அல்லர். ரமலான் வந்தால் அரிசிப் பையும் ரொக்கமும் போகாத தெரு இல்லை. நாளை டிரைவர் வேலை போய் ஒருவர் நம் வாசலுக்கு வந்தால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். அதை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்வோம். வேலை போனால் என்ன, ஜகாத் இருக்கிறது என்போம். ஆனால் மஸ்அலாவைப் பாருங்கள். நாம் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியையோ கடனையோ ஜகாத் பணத்திலிருந்து அடைத்துவிட்டு, ஜகாத்தும் தீர்ந்தது கடனும் தீர்ந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. கடமை வேறு, ஜகாத் வேறு. டிரைவருக்கு நாம் கொடுக்க வேண்டியது உரிமையாக இருந்தால், அதை ஜகாத்தில் கழிக்க இடமில்லை. அதோடு, அந்த டிரைவர் ஹிந்துச் சகோதரராக இருந்தால், ஜகாத் உமக்குச் சேராது என்று சொல்லிக் கையை விரிக்கவும் செய்வோம். உழைத்தபோது மதம் கேட்காமல் வாங்கிக்கொண்ட நாம், கொடுக்கும்போது மாத்திரம் கேட்போமா? உமர் (ரலி) அவர்கள் கேட்கவில்லை.

உதவி என்றால் அவர் நம் வாசலுக்கு வர வேண்டும். உரிமை என்றால் நாம் அவர் வாசலுக்குப் போக வேண்டும். வித்தியாசம் பணத்தின் அளவில் இல்லை. இருபது வருஷம் தலை நிமிர்ந்து வண்டி ஓட்டியவர், தம் பிள்ளைகள் பார்க்க வரிசையில் நின்று பை வாங்குவதா, இல்லையா என்பதில் இருக்கிறது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்றால், கொஞ்சம் பார்க்கிறது. ஆட்குறைப்புச் செய்யும்போது ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் கூலி கொடுக்க வேண்டுமென்று 1980 ஆம் ஆண்டு விதி சொல்கிறது. 2018 ஜனவரியிலிருந்து பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியும் இருக்கிறது; வேலை இழந்தவருக்குச் சில மாதம் படி கிடைக்கும், வேறு தொழில் கற்கவும் உதவுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மாதச் சம்பளத்துக்குப் பெயர் பதிந்தவருக்கு. சொந்த லோரி வைத்து நடைக்கு ஓடுபவருக்கு முதலாளி யார்? ஆட்குறைப்பு என்று அவருக்குக் கடிதம் கொடுப்பது யார்? ஒரு நாள் போன் வராது, அவ்வளவுதான். சுயதொழில் செய்வோருக்குள்ள காப்புறுதி வேலையில் ஏற்படும் விபத்துக்குக் கொடுக்குமேயன்றி, வேலை வராமல் நிற்பதற்குக் கொடுக்காது. அமெரிக்கக் கிழக்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 2024 அக்டோபரில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும், யந்திரத்தைப் புகுத்துவதைப் பற்றி ஒப்பந்தமும் பெற்றார்கள். கூடி நிற்பவர்களுக்கு அந்தப் பலம் உண்டு. ஆளுக்கொரு ரோட்டில் தனித்தனியாக ஓடுபவருக்கு அது எங்கிருந்து வரும்?

இந்தியாவில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, சாரதியில்லா வண்டிகளை நாட்டுக்குள் விடமாட்டோம் என்று 2017லும் அதன் பின்பும் சொன்னார். டிரைவர்களின் பிழைப்புப் போய்விடும் என்பதே அவர் சொன்ன காரணம். அவர் எண்ணம் நல்லது. ஆனால் தடுத்து வைத்த சரக்கு வேறு வழியாக எப்படி வந்து சேரும் என்பதை வர்த்தகர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்து நாட்டான் மலிவாக ஏற்றி இறக்கும்போது நாம் மட்டும் விலை கூட்டி எத்தனை நாள் விற்போம்? தடுப்பதை விட, வருவதைச் சொல்லி, வருமுன் பங்கைப் பிரித்து வைப்பது நம்மால் ஆகக்கூடியது என்று தோன்றுகிறது.

டிரைவர் கிடைக்கவில்லை, இளைஞர் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை, ஆகவே யந்திரம் வருவதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று வண்டிக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். ஆள் கிடைக்காதது மெய். நடைக்கூலியும் தூக்கமில்லா இரவும் வைத்துக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதும் மெய். ஆனால் இப்போது ஐம்பது வயதில் ஓட்டிக்கொண்டிருப்பவர் என்ன ஆவார் என்பதற்கு அது பதிலாகாது.

சொந்த லோரி வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் செய்யக்கூடியது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. வண்டி மாற்றும் எண்ணம் வரும் அன்றே டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். மூன்று வருஷம் முன்னதாகச் சொன்னால் நாற்பது வயதுக்காரர் வேறொரு தொழிலுக்குக் கையைப் பழக்கிக்கொள்ள முடியும். கிடங்குக் கணக்கு, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பு, வண்டிப் பட்டறை என்று எதுவாயிருந்தாலும் படிக்கும் மாதங்களுக்குச் சம்பளத்தில் பாதியாவது நின்றுபோகாமல் கொடுக்கலாம். இது தர்மக் கணக்கில் எழுதக்கூடாது. கூலிக் கணக்கில் எழுத வேண்டும். லோரி இல்லாமல் வாடகைக்கு அமர்த்துகிறவர்களுக்கும் வழி உண்டு. இன்றிலிருந்து துறைமுக வாசலிலும் நம் கடை வாசலிலும் காக்கும் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகைச் சீட்டிலேயே எழுதச் சொல்லலாம். பிற்காலத்தில் ஆளில்லா லோரி வந்து வாடகை குறைந்தால், குறைந்ததில் ஒரு பங்கு, நமக்கு ஓடிய பழைய டிரைவர்களுக்கு இத்தனை வருஷம் வரை போக வேண்டுமென்று வண்டிக் கம்பெனியோடு பேசலாம். ஒரு கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். ஈப்போ, தைப்பிங், கோலக்கங்சார், தெலுக் இந்தான் கடைகள் சேர்ந்து கேட்டால் சிரிக்க மாட்டார்கள்; நம் சரக்கு அவர்களுக்கும் வேண்டும்.

பங்கு எவ்வளவு, எத்தனை வருஷம் என்பதைக் கூட்டத்தில் வைத்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரும்போது, தங்களுக்கு ஓடும் டிரைவர்கள் எத்தனை பேர், வயது என்ன, எந்த வருஷத்திலிருந்து ஓடுகிறார்கள், மாதச் சம்பளமா நடைக்கூலியா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் கணக்குப் பார்க்க வசதியாயிருக்கும். பெயர் வேண்டியதில்லை. வயதும் வருஷமும் இருந்தால் போதும்.